தைராய்டை எடுத்தாகிவிட்டது, இனி என்ன? நாகலூர் தம்பிக்கு ஒரு பதில்

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் மனைவிக்கு வயது 31. இரண்டு வருடமாக கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். மாத்திரைக்கு அடங்கவில்லை என்று ஒன்பது நாளைக்கு முன் சேலத்தில் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி மலைக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது ராத்திரியில் விரல் நுனியெல்லாம் குறுகுறு என்கிறதாம். குரல் கம்மியிருக்கிறது. எந்நேரமும் சோர்வு, காரணமே இல்லாமல் அழுகை. தம்பியின் அம்மா, முட்டைக்கோஸும் மரவள்ளியும் மருமகளுக்கு ஆகாது என்கிறார். எஸ்டேட் வேலைக்கு எப்போது போகலாம், இந்த நோயால் துருத்திய கண் எப்போது உள்ளே போகும், இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

நான் சேலத்தில் அறுவை சிகிச்சை வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள். பதினொரு வருடத்துக்கு முன் இதே நோய்க்கு எனக்கே இதே ஆபரேஷன் நடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன், கட்டிலில் படுத்தும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி, மற்ற கேள்வியெல்லாம் அப்புறம். முதலில் அந்த விரல் குறுகுறுப்பு. அதை ஆபரேஷன் அசதி என்று விட்டுவிடாதீர்கள். இதைப் படித்ததும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். இன்றைக்கே மனைவியைக் கீழே கூட்டிவந்து ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். நாளை, மறுநாள் என்று தள்ள வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், தைராய்டின் முதுகுப் பக்கத்தில் பாராதைராய்டு என்று நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மணி, மிஞ்சினால் ஒரு பருப்பு அளவு. பெயர்தான் ஒன்று போல இருக்கிறதே தவிர, வேலை முற்றிலும் வேறு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். தைராய்டை எடுக்கும்போது டாக்டர்கள் அந்த நான்கையும் பத்திரமாகப் பிரித்து விட்டுவிடுவார்கள். ஆனாலும் அவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய் மயிரிழை போன்றது. கை பட்டதிலேயே சுருங்கி, சில நாள், சில வாரம் வேலை செய்யாமல் இருந்துவிடும். கிரேவ்ஸ் நோயில் சுரப்பி வீங்கி, ரத்த ஓட்டம் மிகுந்து, அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதால் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்காவது கால்சியம் தற்காலிகமாக இறங்குகிறது. அனுபவமுள்ள டாக்டர் செய்தால் நிரந்தரமாக இறங்கிப்போவது நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு ஹார்மோன் கூடுதலாக ஓடிய காலமெல்லாம் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்துகொண்டே இருந்திருக்கும். சுரப்பியை எடுத்ததும் எலும்பு தான் இழந்ததைத் திரும்ப வாங்க ஆரம்பிக்கும். பசித்த எலும்பு என்றே டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை அது வாரிக்கொள்ளும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. சாப்பாடு சரியில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது வலது கை அப்படியே இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீட்டமாகக் குவிந்து நின்றுவிட்டன. என் கணவர் விரலைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவசரப் பிரிவில் கால்சியம் குளுக்கோனேட் மருந்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினார்கள், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது, கை தானாக விரிந்தது. டிஸ்சார்ஜ் தாளில் கால்சியம் மாத்திரை ஒன்று ஒன்று ஒன்று என்று எழுதியிருந்தார்கள். அது எதற்கு, குறுகுறுப்பு வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நர்ஸாக இருந்த எனக்கே அது வந்தபோது உறைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இதை முதலில் சொல்கிறேன்.

கால்சியம் மட்டும் பார்த்தால் போதாது. அதோடு அல்புமின் என்ற ரத்தப் புரதம், மக்னீசியம், முடிந்தால் பாராதைராய்டு ஹார்மோன், எல்லாம் ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது. பெரியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் மாத்திரையைக் கூட்டுவார்கள். கால்சிட்ரியால் என்ற, உடனே வேலை செய்யும் வைட்டமின் டி வகையையும் சேர்ப்பார்கள். கை இழுத்துக்கொண்டாலோ, உடம்பு விறைத்தாலோ, மூச்சு விடும்போது தொண்டையில் சத்தம் கேட்டாலோ, கழுத்து திடீரென்று வீங்கினாலோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு பகல் எப்போதும் திறந்திருக்கும்.

மலை மேல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆபரேஷன் முடிந்தவர்கள் முதல் ஒரு வாரம், பத்து நாள் சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. கால்சியம் அநேகமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் மிகவும் இறங்கும். அந்த நேரத்தில் நடுராத்திரி மூடுபனியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருவது லேசான காரியமா? உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் இன்று இறங்கி வந்தபின் கால்சியம் குறைவு என்று தெரிந்தால், ஒரு சரியான ரிசல்ட் கையில் வரும்வரை கீழேயே இருங்கள். வரும்போது மனைவியை முன் சீட்டில் உட்காரவையுங்கள், கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். வளைவில் வாந்தி வரும் உடம்பாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பட்டும். வாந்தி எடுத்தால் கழுத்துத் தையலை இழுக்கும்.

கால்சியம் பேச்சிலேயே சாப்பாட்டுக் கேள்வியையும் முடித்துவிடுகிறேன். கேழ்வரகு, எள்ளு, முருங்கைக் கீரை, பால், தயிர் எல்லாம் நல்லது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் பாராதைராய்டு தூங்கிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுக் கால்சியத்தை மட்டும் நம்ப முடியாது. குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவும் வைட்டமின் டியை முழு வடிவத்துக்கு மாற்றத் தூண்டுவதே பாராதைராய்டு ஹார்மோன்தான். கூழும் குடிக்கட்டும், மாத்திரையும் போடட்டும். கூழ் இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அதே போல, கால்சியம்தானே, நல்லதுதானே என்று டாக்டர் சொன்னதற்கு மேல் நீங்களாகக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். கூடினால் மலச்சிக்கல், தாகம், குமட்டல், நாளாக நாளாகச் சிறுநீரகத்தில் கல். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் அந்தச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். அப்போது ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருவார்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளி பற்றி உங்கள் அம்மா சொல்வதில் ஒரு அடிப்படை இருக்கிறது. மரவள்ளியில் இருக்கும் சில பொருள்கள் உடம்புக்குள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும். முட்டைக்கோஸ் வகையிலும் அது போன்ற பொருள்கள் உண்டு. சுரப்பி உள்ளவர்களுக்கு, அதுவும் அயோடின் குறைவாகக் கிடைக்கும் இடத்தில், தினமும் அதையே அதிகமாகச் சாப்பிட்டால் அது ஒரு விஷயம். உங்கள் மனைவிக்கு இப்போது சுரப்பியே இல்லை. தடுப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எதைத் தடுக்கும்? சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு மரவள்ளியும் ஜவ்வரிசியும் வாழ்நாள் முழுக்க ஆகாது என்று சொல்வது அநியாயம். நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். அயோடின் உப்பையும் மாற்ற வேண்டாம். அம்மாவிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், சுரப்பியை எடுத்தாகிவிட்டது, இனி அந்தப் பயம் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் மருமகள் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார்.

சாப்பாட்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது காபி. காபித் தோட்டத்து வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான். எடுத்த சுரப்பிக்கு ஈடாகத் தினமும் போடும் தைராய்டு மாத்திரை, அதாவது லீவோதைராக்சின், வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போக வேண்டும். காபி அதை உறிஞ்சவிடாது. காபி குடித்த கையோடு மாத்திரை போட்டுவிட்டு, டோஸ் போதவில்லை, தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கவே இல்லை என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இரண்டும் காபியைவிட மோசம். குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

எஸ்டேட் வீட்டில் விடியுமுன்னே எழுந்துவிடுவீர்கள். ஐந்து மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். ஆறு மணிக்குக் காபி. எட்டு மணிக்குப் பலகாரம். முதல் கால்சியம் மாத்திரை பத்து மணிக்கு, ஏதாவது கடித்துக்கொண்டு. அடுத்தது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மூன்றாவது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும். கடையில் அதிகம் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் வகை சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையில் கொட்டிக் காலையிலேயே விழுங்கிவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. தைராய்டு மாத்திரைப் புட்டியை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. ஏற்காட்டு மழைக்காலத்தில் மூடியை இறுக்கி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் பழைய மாத்திரை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் போட்ட கார்பிமசோல் இனி வேண்டாம். சுரப்பி ஹார்மோன் செய்வதைத் தடுக்கத்தான் அது. சுரப்பி போனதோடு அதன் வேலையும் முடிந்தது. மூன்று மாதம் கழித்து வார்டுக்கு வந்த ஒரு அம்மா பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் அதையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரோப்ரனலால் என்று படபடப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது வேறு கதை. அதைப் பட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும்.

சரி, இப்போது அழுகைக்கும் சோர்வுக்கும் வருகிறேன். கழுத்து ஆறுவது வேறு, உடம்பு ஆறுவது வேறு. தையல் போட்ட இடம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். உடம்பு ஆற மாதக்கணக்கு ஆகும். சுற்றியிருப்பவர்கள் கழுத்தைப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டதே, இன்னும் என்ன படுக்கை என்று கேட்க ஆரம்பிக்கும் நாளில்தான் நோயாளிக்கு உண்மையான கஷ்டமே தொடங்கும்.

கிரேவ்ஸ் நோயில் என்ன நடக்கிறது? மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித்தான் தைராய்டை வேலை வாங்கும். இந்த நோயில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது டி.எஸ்.எச். உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, செய், செய் என்று தைராய்டை ஓயாமல் விரட்டும். 1835-இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து டாக்டர் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயர். உங்கள் மனைவியின் இதயம் இரண்டு வருடமாக உட்கார்ந்த இடத்திலேயே மலை ஏறிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் போர்வையை உதறிவிட்டு ஃபேன் போடச் சொல்லியிருப்பார், இல்லையா? தசை கரைந்து, தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்திருப்பார். அந்த ஓட்டம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன், பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். இன்னும் சில வாரத்தில் பழைய ஹார்மோன் முழுக்க வடிந்து மாத்திரையின் ஹார்மோன் மட்டுமே நிற்கும். அந்த இறக்கத்தில்தான் குளிரும், அழுகையும், மறதியும், கை கால் அசதியும் வரும். மனசு பலவீனம் என்று அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

மாத்திரை அளவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். 55 கிலோ என்றால் சுமார் 88. இது தொடக்கம்தான், முடிவல்ல. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். இரண்டு வாரத்திலேயே டெஸ்ட் எடுத்து டோஸை மாற்றச் சொல்லாதீர்கள். மேட்டூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆகும் அல்லவா? இன்று டோஸை மாற்றினால் ரத்தத்தில் அது நிலைக்க ஐந்தாறு வாரம் ஆகும். கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நெடுநாள் ஹார்மோன் அதிகமாக இருந்ததால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். அனுப்புவதையே நிறுத்தியிருக்கும். ஆபரேஷன் முடிந்து சில மாதம் வரைகூட அது முழுதாக எழுந்திருக்காது. அப்போது டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் குறைவாகக் காட்டும். மாத்திரை அதிகம் போலிருக்கிறது என்று குறைத்துவிடுவார்கள், நோயாளியோ ஏற்கெனவே சுருண்டு கிடப்பார். அதனால் முதல் சில மாதம் டி.எஸ்.எச்.சோடு, ரத்தத்தில் தைராக்சின் எவ்வளவு என்று காட்டும் ஃப்ரீ டி4 டெஸ்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு டோஸ் சரியாக அமைய எட்டு மாதம் ஆனது. மூன்று தடவை மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு காலை மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்பதைத் திடீரென்று கவனித்தேன். அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று வீட்டில் பயப்படுவார்கள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர்தான் தைராய்டு ஆபரேஷனை ஆபத்து குறைந்ததாக மாற்றியவர். அதற்காக 1909-இல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் சுரப்பியை முழுவதும் எடுத்த சில நோயாளிகள் பிறகு வீங்கி, மந்தமாகி, எதிலும் ஒட்டாமல் போனதை, பரிசு வாங்குவதற்கு வெகு முன்பே, 1883-இல் அவரே கண்டு வருந்தி எழுதியிருக்கிறார். அப்போது கொடுக்க மாத்திரை இல்லை. 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற இங்கிலாந்து டாக்டர், தைராய்டு வேலை செய்யாமல் போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் 74 வயது வரை வாழ்ந்தார். இன்று உங்கள் மனைவி காலையில் போடும் சின்ன மாத்திரை, நம் கழுத்துச் சுரப்பி செய்யும் அதே தைராக்சின்தான். உடம்புக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை, இல்லாததை ஈடு செய்கிறோம்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். நோய் இருந்தபோது எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டியிருக்காது. அந்தப் பசி பழக்கம் ஆகிவிடும், உடம்பின் வேகம் மட்டும் குறைந்துவிடும். இழந்த எடை திரும்ப வருவது நல்லதே. அதற்கு மேல் போகாமல் இருக்க இப்போதே சாப்பாட்டின் அளவைக் கொஞ்சம் குறைத்து, தினமும் நடக்கச் சொல்லுங்கள். ஏரியைச் சுற்றி மெதுவாக ஒரு நடை போதும்.

குரல். தைராய்டுக்குப் பின்னால் குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆபரேஷனில் அது இழுபட்டிருக்கலாம். மயக்க மருந்துக்காகத் தொண்டையில் விட்ட குழாயாலும் சில நாள் கம்மும். பெரும்பாலும் வாரங்களில் சரியாகும், சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கூட ஆகலாம். இன்னொரு மெல்லிய நரம்பும் இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் சாதாரணப் பேச்சு நன்றாக இருக்கும், உரக்கக் கூப்பிட மட்டும் முடியாது, பாட்டில் மேல் சுரம் ஏறாது. ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு ஆளைக் கூப்பிடும் வேலை உள்ளவர்களுக்கு அது பெரிய குறை. இப்போதைக்குக் கத்தவும் வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். கிசுகிசுத்தால் குரல் நாணுக்கு இன்னும் சிரமம். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திச் சின்னச் சின்ன வாயாக விழுங்கட்டும். ஒரு மாதம் ஆகியும் கம்மல் குறையவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் குரல் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும்.

வடுவுக்கு மஞ்சள், பச்சிலைச் சாறு, தேங்காய் எண்ணெய் எதுவும் இப்போது வேண்டாம். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். சிவந்து, சூடாகி, சீழ் கசிந்தால் உடனே காட்டுங்கள். முழுவதும் ஆறிய பின் டாக்டரைக் கேட்டு சிலிக்கான் ஜெல் போடலாம், விரலால் மெதுவாக நீவிவிடலாம். விழுங்கும்போது தோல் உள்ளே ஒட்டி இழுப்பது போல இருக்கும். அது சில மாதத்தில் தளரும். மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் வடுவைக் கறுக்கவைத்துவிடும். ஒரு வருடத்துக்கு மெல்லிய பருத்தித் துணியால் மூடிக்கொண்டு வெளியே போகட்டும். தாலிக்கொடி வெட்டின் ஓரத்தில் உரசுகிறது என்று பல பெண்கள் சொல்ல வெட்கப்பட்டுப் பொறுத்துக்கொள்வார்கள். புது மஞ்சள் கயிறு என்றால் ஈரமும் சேரும். நீங்களே கேளுங்கள். கயிற்றை நீளமாக்கிக் கொடுக்கலாம், படுகிற இடத்தில் மெத்தென்று ஒரு துணி வைக்கலாம். கழற்றத்தான் வேண்டும் என்றால் ஆறும்வரை பூஜை அறையில் வைத்திருக்கலாம். அதைக் கணவர் சொன்னால்தான் வீட்டில் எடுபடும்.

வேலைக்கு: வீட்டுச் சின்ன வேலைகள் இப்போதே செய்யலாம். மிளகு மூட்டை, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு மூன்று வாரத்துக்கு வேண்டாம். தலையில் சுமப்பது இன்னும் சில வாரம் கழித்து. கழுத்தை அசைக்காமல் விறைப்பாகவே வைத்திருக்கவும் கூடாது. டாக்டர் சரி என்றதும் மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பழகட்டும். கழுத்து வலிக்காமல் திரும்பும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

கண்ணைப் பற்றி நம்பிக்கையும் வேண்டும், பொறுமையும் வேண்டும். கண்ணைத் துருத்தவைப்பது அதே எதிர்ப்பொருள்தான், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையையும் கொழுப்பையும் அது வீங்கவைக்கிறது. சுரப்பியை எடுத்தாலும் எதிர்ப்பொருள் அன்றே மறையாது, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். கண்ணும் தன் கணக்கில்தான் போகும். தைராய்டு அளவு அதிகமாகவோ குறைவாகவோ போகாமல் பார்த்துக்கொள்வது கண்ணுக்கும் மருந்து. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். புகை இந்தக் கண் நோயை மோசமாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். தலையை உயர்த்திப் படுக்கட்டும், கண் உலர்ந்தால் சொட்டு மருந்து போடட்டும். ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறம் மங்குவது, பார்வை குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

குழந்தை. பெற்றுக்கொள்ளலாம். நான் பார்த்த பல பெண்கள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அவசரம் வேண்டாம். டோஸ் நிலைத்து, இரண்டு டெஸ்ட்டாவது ஒழுங்காக வரட்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராக்சின் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். முதல் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லி டோஸைக் கூட்ட வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தை முதல் சில மாதம் அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுரப்பியை எடுத்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் அம்மாவின் ரத்தத்தில் இருக்கலாம். அது நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க் குழந்தையின் தைராய்டை விரட்டும். அம்மாவின் டி.எஸ்.எச். பார்க்க அழகாக இருக்கும், குழந்தையின் இதயம் வயிற்றுக்குள் படபடத்துக்கொண்டிருக்கும். அதனால் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே டி.எஸ்.எச். ரிசெப்டர் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னால் டாக்டர் சாதாரண தைராய்டு குறைவு என்று நினைத்துவிடுவார். கிரேவ்ஸ் நோய்க்காகச் சுரப்பியை எடுத்தவள் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பிரசவ வார்டிலும், குழந்தை டாக்டரிடமும் அதே வார்த்தை.

இப்போது கிளம்புங்கள். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ரத்தம் எடுக்கும் வரை கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை மட்டும் குறித்துவைத்து லேபில் சொல்லுங்கள். ரிசல்ட் வந்ததும் கால்சியம், அல்புமின் இரண்டின் அளவையும் எனக்கு எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.